லேஞ்சிக்கு சீட் கிடையாது

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை உள்ளே எறிகிறவர்கள் நாங்கள். கைக்குட்டைக்கு எங்கள் பக்கம் லேஞ்சி என்று பெயர். லேஞ்சி விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எறிந்தவர் டீ குடித்து, கடையில் பழம் பேரம் பேசி, ஆற அமர வந்து ஏறுவார். அதுவரை அவருடைய சீட் அவருக்காகக் காத்துக்கிடக்கும். சர்க்கார் சட்டத்தை மதிக்காதவன்கூட இந்த ஊரில் லேஞ்சியை மதிப்பான்.

இந்த வழக்கத்தை ஒழித்துக்கட்டிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து ராகேல்தான். அதுவும் ஊர் முழுக்க இல்லை, ஒரு மாடியில் மட்டும்.

ரசலையன் என்பவர் சவுதியிலிருந்து திரும்பி வந்து, ஒரு பர்னிச்சர் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து இருபது கம்ப்யூட்டர் போட்டிருந்தார். அங்கே போய் உட்கார்ந்து வேலை பார்த்த நாங்கள் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்கள். அமெரிக்காவில் டாக்டர்மார் வாய்க்குள் மென்றுகொண்டே பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்பும் பிழைப்பு. யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. முந்தின நாளே போன் பண்ணி, காலைக்கோ மதியத்துக்கோ அரை நாள் சீட் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். அந்தப் போனை எடுப்பவள் ராகேல். சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கிய வெள்ளைப் பலகையில் சீட் நம்பருக்கு எதிரே பெயரை எழுதுபவளும் அவள்தான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். மாடியில் இருந்த இருபதில் ஆறு கம்ப்யூட்டர்கள் மட்டுமே யூ.பி.எஸ். லைனில் இருந்தன. மின்சாரம் போனாலும் பாட்டரியில் ஓடுபவை அவைதான். மற்றவற்றில் உட்கார்ந்தவன் பாதி ஃபைலில் கரண்ட் போனதும் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் ஃபைல் போகவில்லை என்றால் அடுத்த வாரம் வேலையே வராது. ஆகவே அந்த ஆறு சீட்டுக்கும் நடந்த போட்டி சாதாரணப் போட்டி இல்லை. ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்கள் இங்கே முகம் பாராமல் இருந்திருக்கிறார்கள்.

முதலில் எல்லாரும் பஸ் ஸ்டாண்ட் வழக்கத்தையே மாடிக்கும் கொண்டுவந்தோம். சீட் சொல்லி வைத்தவன் வருவதற்குள் இன்னொருவன் போய் நாற்காலியில் லேஞ்சி போட்டுவிடுவான். சொல்லி வைத்தவனும் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடுவான். குடை போட்டார்கள், டிபன் பாக்ஸ் வைத்தார்கள், ஒருவர் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் விட்டுவிட்டு வெறும் காலோடு சாப்பிடப் போனார். ராகேல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு விதி சொன்னாள். சொல்லி வைத்தவர் நேரம் தொடங்கிக் கால் மணிக்குள் வந்து உட்கார வேண்டும். உட்காராவிட்டால் காத்திருப்பவருக்குச் சீட் போகும்.

"லேஞ்சிக்கு சீட் கிடையாது. ஆளுக்காக்கும் சீட்" என்றாள்.

நாற்காலியில் கிடந்த லேஞ்சிகளையெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வேண்டும் என்கிறவன் எல்லார் முன்னிலும் வந்து, இது என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். யார் வருவான்? என்னுடைய லேஞ்சியும் இரண்டு அங்கே தொங்கின. அதில் ஒன்று என் கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது.

அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. நெய்யூர்க்காரி. இளம் வயதில் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அந்தக் கண்டிப்பு அங்கே கற்றதாக இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். சிரிக்க மாட்டாள் என்று சொல்ல முடியாது, நம்மிடம் சிரிக்க மாட்டாள். சொந்த அக்காவின் மகள் லிஜி ஒருநாள் தாமதமாக வந்து கெஞ்சியபோது, "பலகையில ஒனக்க பேரு இருந்துது. நீ இல்லியே" என்று திருப்பி அனுப்பியவள். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். ஆனால் என் பெயர் பலகையில் ஏறிவிட்டால் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி அவளால் வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்மைலின் என்று ஒரு பெண் அங்கே வரத் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். வேகமாகவும் தப்பில்லாமலும் தட்டச்சு செய்வாள். அவள் கணவன் அனிஷ் துபாயில் வேலை போய்த் திரும்பியிருந்தான். வீட்டில் கடன். நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்திருந்ததால், அவளைக் குவைத்துக்கு அனுப்ப மாமியார் ஏஜெண்டிடம் பேசி விசாவும் வந்துவிட்டது. அவளுக்குப் பத்து மாதக் கைக்குழந்தை. அந்தச் சமயத்தில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி மாதச் சம்பள வேலைக்கு ஆள் எடுத்தது. இன்வெர்ட்டரும் அவர்களே தருவார்கள். ஆனால் ஒரு தேர்வு எழுத வேண்டும். குறித்த நாளில் மதியம் இரண்டு மணிக்கு நான்கு குரல் ஃபைல் வரும், ஐந்து மணிக்குள் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் மறுவாய்ப்பு கிடையாது.

"இது கிடைச்சா குவைத்து வேண்டாம்ணு அத்தையே சொல்லியாச்சு அண்ணா. கிடைக்கல்லேண்ணா அடுத்த வாரம் பிளைட்" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. கைதான் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

தேர்வு நாள் வியாழன். அன்று கரண்ட் கட் இரண்டிலிருந்து நான்கு வரை என்று எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் அவள் போன் பண்ணி யூ.பி.எஸ். லைனில் நான்காம் சீட்டை மதியத்துக்குச் சொல்லி வைத்தாள். பலகையில் நான்குக்கு எதிரே ஸ்மைலின் என்று ராகேல் எழுதியதை நானே பார்த்தேன். ஐந்தாம் சீட் எனக்கு.

மதிய நேரம் ஒரு மணிக்குத் தொடங்கும். ஸ்மைலின் ஒரு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். காலால் மிதித்துக் குரலை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெடல் உண்டு, அவளுக்குச் சொந்தமாகவே இருந்தது. அதை மேஜைக்கு அடியில் வைத்தாள். அப்போது அனிஷ் கீழேயிருந்து போன் பண்ணினான். குழந்தை புட்டிப் பாலைத் துப்பிவிட்டு அழுகிறது, பர்னிச்சர் கடையில் நிற்கிறேன், ஒரு தடவை பால் கொடுத்துவிட்டுப் போ என்றான். ராகேல் கவுண்டரில் யாருடனோ போனில் இருந்தாள். ஸ்மைலின் அவள் பக்கம் பார்த்தாள், காத்து நிற்க நேரமில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பஸ்ஸில் செய்த பழக்கம், கை தானாகவே போய்விட்டது. லேஞ்சியை எடுத்து நாற்காலியில் விரித்துவிட்டு இறங்கி ஓடினாள்.

நான் அப்போது டீக்கடையில் இருந்தேன். திரும்பி வரும்போது ராகேல் நான்காம் நாற்காலியிலிருந்து பூப்போட்ட அந்த லேஞ்சியை இரண்டு விரலால் தூக்கிக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சீட்டில் சுந்தர்சிங் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, மகளுடைய கல்யாணத்துக்காக இந்த வேலைக்கு வந்தவர். காலையிலிருந்து ஓர் இடத்துக்காகப் படியில் காத்திருந்தவர்.

"அக்கா, அது ஸ்மைலினுக்க சீட்டுல்லா? இண்ணைக்கு அவளுக்குப் பரீட்ச" என்றேன்.

"கால் மணி களிஞ்சாச்சு" என்றாள் ராகேல். அவ்வளவுதான்.

ஸ்மைலின் ஒன்றரை மணி வாக்கில் மேலே வந்தாள். சீட்டைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனதை நான் பார்த்தேன்.

"சார், எழும்புவியளா? எனக்கு ரெண்டு மணிக்கு டெஸ்டு" என்றாள் சுந்தர்சிங்கிடம்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் மூன்று மணிக்குப் போக வேண்டிய ஃபைல் கையில் இருந்தது. "மோளே, நான் காலத்த எட்டு மணிக்கு வந்து நிக்கேன். இந்த ஃபைல் போவல்லேண்ணா எனக்கு இந்த ஆஸ்பத்திரிக்க அக்கவுண்டே போவும். நான் ஒனக்க சீட்ட பிடுங்கேல்ல. விதிப்படி கிடைச்சது" என்றார்.

என் சீட்டைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் கம்ப்யூட்டரில் ஹெட்போன் செருகும் ஓட்டை உடைந்து, ஹெட்போனில் ஒரு காதில்தான் கேட்கும். நான் பழகிவிட்டேன், தேர்வு எழுதுகிறவளுக்கு அது ஆகாது. கொடுக்கிறேன் என்று சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் கேட்டுப் பார்த்துவிட்டு ஆகாது என்று தலையாட்டினாள். மற்ற நான்கு பேரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரவர் பாடு அவரவருக்கு.

அவள் கவுண்டருக்குப் போனாள். "அக்கா, கொச்சுக்குப் பால் குடுக்கப் போனேன். லேஞ்சி போட்டுட்டுத்தான் போனேன்" என்றாள். அப்போதும் அவள் லேஞ்சியைத்தான் சாட்சிக்கு அழைத்தாள்.

"எங்கிட்ட சொல்லீட்டுப் போயிருக்கலாம் இல்லியா?"

"நீங்க போனில இருந்திய."

ராகேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பரீட்ச தோத்தா என்ன ஆவும்?"

"குவைத்துக்குப் போவணும்."

"கொச்சுக்கு எத்தன மாசம்?"

"பத்து."

ராகேல் பலகையைப் பார்த்தாள். நான்குக்கு எதிரே ஸ்மைலின் என்று அவளே எழுதி, அவளே அடித்து, சுந்தர்சிங் என்று எழுதியிருந்தாள். மறுபடி அழிப்பாள் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"இஞ்ச வந்து இரி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கவுண்டர்க் கம்ப்யூட்டரும் யூ.பி.எஸ். லைனில்தான் இருந்தது. ஆனால் அதைத் தொட ராகேலைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. ரசலையனுடைய வரவு செலவு, பேங்க் விவரம், ஊரில் அவர் வாங்கிப் போட்ட நிலத்தின் பத்திர நகல் எல்லாம் அதில்தான். வேறு யாராவது உட்கார்ந்தால் அன்றோடு ராகேலுக்கு வேலை இல்லை என்று அவர் எங்கள் முன்னாலேயே சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

நான் பெடலைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்தேன். ராகேல் ரகசிய எழுத்துகளைத் தட்டிக் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் மேல்படியில் போய் நின்றாள். முதல் ஃபைல் வந்ததும் மின்சாரம் போனதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன.

மின்விசிறி நின்ற ஹாலில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. என் ஃபைலை முடித்து அனுப்பிய பிறகும் நான் எழுந்து போகவில்லை. போக மனம் வரவில்லை. ஸ்மைலின் இரண்டாம் ஃபைலை முடித்து மூன்றாவதில் இருந்தபோது, படியில் ரசலையனுடைய குரல் கேட்டது. அவர் வழக்கமாக வியாழக்கிழமை வரமாட்டார்.

"ஆரு அது அங்ஙன இருக்கியது?"

"பதுக்கப் பேசுங்க மொதலாளி" என்றாள் ராகேல். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்க கணக்கு முழுக்க அதிலல்லா கெடக்கு! எழும்பச் சொல்லு அவள."

"அஞ்சு மணிக்கு எழும்புவா. அதுவரைக்கும் அவள ஒண்ணும் சொல்லாதுங்க. என்ன சொல்லணுமெங்கிலும் எங்கிட்ட சொல்லுங்க."

"நான் சொன்னது ஓர்ம இருக்கா ஒனக்கு?"

"இருக்கு." சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மாடிச் சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். "சாவி இந்தா இருக்கு. நாளைக்கு வரல்ல. இண்ணைக்கு அஞ்சு மணிவரைக்கும் நான் இஞ்சத்தான் நிப்பேன்."

ரசலையனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். சாவியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்மைலினுக்கு ஹெட்போன் வழியாக எதுவும் கேட்கவில்லை. அல்லது கேட்டும் அவள் திரும்பவில்லை.

அப்போது யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது. பாட்டரி பழசு. ஏழு கம்ப்யூட்டரை இழுத்து இழுத்து அது ஓய்ந்திருந்தது. மணி நான்காகியும் மின்சாரம் வரவில்லை. இந்தச் சத்தம் வந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். ராகேல் உள்ளே வந்தாள். ஹாலின் நடுவில் நின்றாள். அவள் எங்களிடம் எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. சொல்லித்தான் பழக்கம்.

"எல்லாரும் விதிப்படி வந்து இருக்கிய. எழும்பச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. சாவியும் குடுத்தாச்சு" என்றாள். "கேக்கேன். அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு வேண்டிக் கொஞ்சம் அணைச்சுத் தாருங்க."

யாரும் அசையவில்லை. கூவல் ஒன்று, இன்னொன்று. நான் என்னுடையதை அணைத்தேன், எனக்கு இழக்க ஒன்றும் இல்லை, ஃபைல் போயாயிற்று. பிறகு பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. சுந்தர்சிங். அவருடைய ஃபைல் அதுவரை போயிருக்கவில்லை, டாக்டர் பேசியது புரியாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக் கெடு தாண்டிவிட்டது. நான்கரை வரை கேட்டு வாங்கியிருந்தார். "போட்டும். கெட்டது கெட்டுது" என்று சொல்லிக்கொண்டே அணைத்தார். அதற்குப் பிறகு மற்ற நான்கும் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹால் முழுக்க ஒரே ஒரு திரை மட்டும் வெளிச்சமாக நின்றது.

நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரசலையனும்தான். யூ.பி.எஸ். ஒவ்வொரு தடவை கூவும்போதும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஸ்மைலின் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். "போயாச்சு" என்றாள். எழுந்து திரும்பியபோதுதான் பார்த்தோம், அவளுடைய சுடிதாரின் முன்பக்கம் முழுக்க பால் கசிந்து நனைந்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. கீழே காத்திருந்த அனிஷின் கையில் குழந்தை அழுதது. அவள் பெடலைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள். ராகேல் தன் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. குவைத் வேலைக்கு ஏஜெண்ட் வேறு யாரையோ பிடித்துக்கொண்டான். சுந்தர்சிங்குக்கு அந்த அக்கவுண்ட் போயிற்று, இரண்டு மாதம் கழித்து வேறொன்று கிடைத்தது. ராகேல் மறுநாள் வரவில்லை. ரசலையன் நல்லவர்தான், ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியாதவர். அவள் இடத்தில் ஒரு பையனைப் போட்டார். ஒரே வாரத்தில் நாற்காலிகளில் லேஞ்சி முளைத்தது.

அதன் பிறகு ராகேலை நான் ஒரு துணிக்கடையில் பார்த்தேன். குழந்தைகள் துணிப் பிரிவில் வேலைக்கு நின்றாள். என் அண்ணன் மகனுக்கு ஞானஸ்நானத்துக்குச் சட்டை எடுக்கப் போயிருந்தேன். அவள் பெட்டி பெட்டியாக இறக்கிக் காட்டினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, ஒங்க அக்காக்க மோளுக்கே நீங்க இளகேல்ல. அந்தப் பிள்ளைக்கு எதுக்கு வேலையே போவுமெண்ணு தெரிஞ்சும்?"

ராகேல் ஒரு வெள்ளைச் சட்டையை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள்.

"நான் குவைத்துக்குப் போவும்போ எனக்க மவனுக்குப் பதினோரு மாசம்" என்றாள். "அண்ணனுக்க பெண்டாட்டி, எனக்க மைனிக்க கையில குடுத்துட்டுப் போனேன். இப்பம் அவனுக்கு இருவது ஆச்சு. நல்ல பிள்ளைதான், எங்கிட்ட ஒரு கொறையும் வைக்கமாட்டான். மைனியத்தான் அம்மாண்ணு விளிப்பான்."

"ஒங்கள?"

"குவைத்தம்மாண்ணு விளிப்பான். இப்பமும் அப்பிடித்தான்."